மூன்றாவது ஓட்டு

அமெரிக்கத் தேர்தலில் ஓக்லஹோமா மாநிலம் யாருக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள யாரும் கண்விழித்துக் காத்திருந்ததில்லை. ஓட்டுச்சாவடி மூடியதும், நெல்டா மேசையில் கிடக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் டிவிக்காரன் மாநிலம் முழுக்கக் குடியரசுக் கட்சியின் சிவப்புச் சாயம் பூசிவிடுவான். அதற்காக அவள் ஒருநாளும் அழுததில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. ஊர் ஓட்டுச்சாவடியான மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் கதவில், எண்ணும் இயந்திரம் துப்புகிற நீளச் சீட்டை ஒட்டுவார்களே, அதில் ஜனநாயகக் கட்சிக்கு நேராக ஒரு தடவையாவது மூன்று என்று வர வேண்டும்.

எப்போதும் இரண்டுதான். குடியரசுக் கட்சிக்கு நூற்றுச் சொச்சம், இவர்களுக்கு இரண்டு. ரகசிய வாக்கெடுப்பாம்! அந்த இரண்டும் நெல்டாவும் அவள் புருஷன் வெண்டெலும் என்பது எல்க் டிரா ஊரில் மேய்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். தீவனக் கடையில் வெண்டெலைப் பார்த்தால் பக்கத்துப் பண்ணை ஹோய்ட் வாயைத் திறந்து நலம் விசாரிக்க மாட்டான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான். கடையே சிரிக்கும். வெண்டெலும் கூடச் சிரித்துவிட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்துவிடுவான்.

சாவடி மேசையில் இரண்டு கட்சி ஆட்களும் உட்கார வேண்டும் என்பது சட்டம். நெல்டாவை விட்டால் ஜனநாயகக் கட்சிக்கு வேறு நாதி ஏது? தேர்தலுக்குத் தேர்தல் குடியரசுக் கட்சியின் கார்லீன் பக்கத்தில் அவள்தான் உட்காருவாள்.

இந்த வருஷம் அவள் சும்மா இருக்கவில்லை. கோதுமை விதைப்பு முடிந்த கையோடு கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க. வலி எடுத்தா ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டணும். இதைக் கேக்குறதுக்கு ஒரு ஓட்டு மாத்திப் போட்டா தேஞ்சா போயிடுவீங்க?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கேக்கைத் தின்றார்கள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை பெயரவில்லை. அவள் வீட்டு வேலியோரம் நட்ட கட்சிப் பலகையை மட்டும் யாரோ துப்பாக்கியால் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

தேர்தலன்று மத்தியானம் வெண்டெல் வந்து ஓட்டுப் போட்டான். வழக்கமாக மேசைப் பக்கம் வந்து அவளை வம்புக்கு இழுப்பவன், அன்று தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். கன்றுக்குட்டிக்குச் சீக்கு, அந்தக் கவலை போல என்று அவள் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் சாவடி மூடியதும் இயந்திரம் சீட்டைத் துப்பியது. கார்லீன் அதைக் கிழித்துக் கொண்டுபோய்க் கதவில் ஒட்டினாள். பார்க்க வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு நெல்டா எட்டிப் பார்த்தாள்.

இரண்டு.

"மாறவே மாட்டேங்குதே நெல்டா!" ஹோய்ட் இரண்டு விரலைத் தூக்கினான். "புருஷனும் பொண்டாட்டியும் உடம்பைப் பாத்துக்கங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல அந்தக் கட்சியே அழிஞ்சு போயிடும்."

"தின்ன கேக்கு செரிச்சுதா ஹோய்ட்?" என்று கேட்டாள். கூட்டம் அதற்கும் சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த வெண்டெலின் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

வழியெல்லாம் பொருமித் தள்ளினாள். "ஒருத்தர், ஒரே ஒருத்தர் வரலியே! எத்தனை முட்டை, எத்தனை வெண்ணெய்! கல்லுல முட்டிக்கிட்டிருந்தாகூட கல்லு கொஞ்சம் நகர்ந்திருக்கும். நீ ஒருத்தன் இருக்கியே, அதனால நான் பொழைச்சேன்."

பண்ணை வாசலில் வெண்டெல் வண்டியை நிறுத்தினான். கேட்டைத் திறக்க இறங்கவில்லை.

"நெல்டா, நான் மாத்திப் போட்டுட்டேன்."

"எதை?"

"ஓட்டைத்தான். அவனுங்களுக்குப் போட்டேன்." ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான். "எத்தனை வருஷம்டி அந்த ரெண்டு விரலைப் பாத்துச் சிரிக்கிறது? ஒண்ணுன்னு வந்தா நான் கழண்டுக்கிட்டேன்னு ஊருக்குப் புரியும், என்னை விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். அதுவும் நடக்கல. நாளைக்கும் அவன் ரெண்டு விரலைத்தான் காட்டப் போறான்."

அவனை என்ன செய்தால் தகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"நீ போடலேன்னா, ரெண்டு எப்படி வந்துச்சு?"

வெண்டெல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மூணு!" என்று கத்தினாள் நெல்டா. "அடப் பாவி, மூணு வந்திருக்கும்! வராம வராம ஒருத்தர் வந்திருக்காங்க, அதே நாளா பாத்து நீ ஓடிப்போயிருக்கே!"

"எனக்கென்ன தெரியும்? ஏன், அந்த ஆளாவது உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்குச் சொல்லணும்? உனக்குக் காட்டுற விரலை அவங்களுக்கும் காட்டவா?"

வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். இருட்டில் தூரத்துக்கு ஒன்றாக வீட்டு விளக்குகள் தெரிந்தன. அதில் ஏதோ ஒரு வீடு. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் புருஷன் மானம் போகும். அந்த ஒருத்தரை ஊரே தேடத் தொடங்கும். ஊருக்கு இரண்டு என்றால் அவளும் வெண்டெலும்தான். அப்படியே இருந்து தொலையட்டும்.

பின்னால் ஒரு வண்டி வந்தது. ஹோய்ட்தான். வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

நெல்டா சாலைக்கு ஓடிப்போய், தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு விளக்குகளுக்கு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த இருட்டில் அது அவனுக்குத் தெரிந்திருக்காது.