வீட்டுக்காரர் சொன்னபடி

குமுதினி அந்த அழைப்பை எடுத்த காலையில், ஹூஸ்டனில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டத் தொடங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. 1998 ஜூலை. சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயைப் பார்த்த கட்டிடம் ஒன்றின் நான்காவது மாடியில், ஹோம் வாரண்டி கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் நாற்பது பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஏசியோ அடுப்போ கெட்டுப்போனால் ஆள் அனுப்பிச் சரிசெய்து தருவதாக வருடச் சந்தா வாங்கும் கம்பெனி அது. ஆள் அனுப்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவதுதான் அந்த நாற்பது பேரின் வேலை. யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. 'குளோஸ் பண்ணுவது' என்றார்கள். அதிகம் குளோஸ் பண்ணியவரின் பெயரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூப்பர்வைசர் டெபி வெள்ளைப் பலகையில் எழுதுவாள். ஜூன் மாதம் முழுக்க அங்கே 'குமு' என்றே இருந்தது. முழுப்பெயர் டெபியின் வாயில் நுழையவில்லை.

ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லித் தன் பெயரையும் சொன்னாள். மறுமுனையில் ஒரு முதிய ஆண்குரல் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது.

"அம்மிணி, தமிழுங்களா?"

"ஓம் ஐயா, தமிழ்தான். சொல்லுங்கோ."

அந்தக் குரல் அப்படியே இளகிவிட்டது. கிட்டுசாமி என்று பெயர் சொன்னார். பவானிப் பக்கம். பம்ப் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து போன வருடம் ரிடையர் ஆனவர். சிலோன் தமிழ் கேட்க எப்போதுமே பாட்டு மாதிரி இருக்கும் என்றார். ஹூஸ்டனுக்கு வந்து பதினொரு வருடமாகப் பார்க்கிற இந்தியத் தமிழர்கள் எல்லோரும் அவளிடம் இதைத்தான் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் அவள் எந்தத் தெருவில் இருந்தாள், அந்தத் தெரு இப்போது இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. வழக்கம்போல உதட்டைச் சுழித்துவிட்டு, "என்ன பிரச்சினை ஐயா?" என்றாள்.

"ஏசி ஓடுதுங்க. ஆனா காத்தே வரலீங்க. கூரைக்கடியில அட்டிக்ல காத்து போற பெரிய டக்ட் குழாய் இருக்குதில்லீங்களா, அது கிழிஞ்சு தொங்கிப் போச்சாட்ட இருக்குது. குளிரெல்லாம் கூரைக்குள்ளயே போகுது. வூட்டுக்காரிக்குப் போன ஆகஸ்ட்ல ஸ்ட்ரோக்குங்க. படுத்த படுக்கை. தானாத் திரும்பக்கூட முடியாது. வூட்டுக்குள்ள தொண்ணூத்தஞ்சு காட்டுதுங்க."

திரையில் கேள்விப் பட்டியல் வந்தது. எட்டாவது கேள்வி, டக்டுகள் முறையாகப் பராமரிக்கப்பட்டனவா என்பது. எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆமாம் என்றால் டெக்னீஷியனை அனுப்பியே ஆக வேண்டும்; இல்லை என்றால் கிளெய்மை அங்கேயே குளோஸ் பண்ணிவிடலாம். ஆளில்லாத இந்த வெயில் காலத்திலும் வாரண்டி வேலைக்கு இரண்டு நாளில் யாராவது போய்விடுவார்கள்.

கேட்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அழைப்புகள் பதிவாகின்றன என்றாலும் அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கோ ஐயா என்று அவள் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு நன்றாகவே தோன்றியது. கூடவே, இதே தமிழை வைத்து எதிர்ப்பக்கமும் போகலாம் என்பதும் தோன்றியது. பலகைக் கணக்கு முடியும் வியாழன் மதியத்துக்குள் இன்னும் இரண்டு வேண்டும். பக்கத்து வரிசைக்காரி அவளைவிட ஒரே ஒரு கிளெய்ம்தான் பின்னால் இருந்தாள்.

"டக்டை எப்பவாவது ஆள் வைச்சுப் பாத்தனீங்களோ ஐயா? உள்ளதைச் சொல்லுங்கோ, அப்பதான் எனக்கு எழுத லேசு."

"பொய் எதுக்குங்க அம்மிணி? நம்ம பொண்ணுகிட்ட மறைக்க என்ன இருக்குது? வூடு வாங்கி ஏழு வருசமாச்சு. ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. ஃபில்ட்டர் மட்டும் மாத்துவேன்."

அவள் தட்டச்சு செய்தாள்: வீட்டுக்காரர் சொன்னபடி, ஏழு ஆண்டுகளாகப் பராமரிப்பு இல்லை. விரல் ஒரு எழுத்தில்கூடத் தடுமாறவில்லை.

"மேல அனுப்புறன் ஐயா. அவைதான் முடிவெடுப்பினம்."

மேலே என்று எதுவும் இல்லை. நிராகரிக்கும் பொத்தானை அழுத்துவது அவள்தான். அழுத்தினாள்.

வீட்டில் சாப்பிடும்போது கணவன் சாந்தனிடம் இதைச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், அவனும் சிரித்தான். "கேட்ட உடன உண்மையைச் சொல்லிட்டாரோ? பாவம் மனுசன்" என்றபடி மீன்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டு அழைத்தார். கிளெய்மை மறுத்த கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. கத்துவார் என்று நினைத்துக் குமுதினி ஹெட்செட்டின் ஒலியைக் குறைத்து வைத்தாள்.

"உங்களைத் தப்பே சொல்லலீங்க அம்மிணி. நீங்க எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க. மேல இருக்கறவங்க கேக்கோணுமல்ல?"

அவள் மறுக்கவில்லை. அதையும் அவர் அவளுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார் போலும், குரல் இன்னும் பரிவாக வந்தது. வெளியே ஏழு பேருக்குப் போன் பண்ணிவிட்டாராம், மூன்று வாரத்துக்கு யாரும் வரமாட்டார்களாம். வேறு மாநிலத்தில், பிளசன்டனில் இருக்கும் மகள் வெண்பா, அம்மாவை அங்கே கூட்டி வரச் சொல்கிறாள். ஃபிளைட்டில் ஏற்றக்கூடாது என்கிறார் டாக்டர். ஹோட்டலுக்குக் கொண்டுபோகலாம் என்றால் வீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் தூக்கிப் படுக்க வைக்கும் சாதனமும் அங்கே இல்லை. மணிக்கொரு தரம் ஈரத்துண்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"நானே ஏறிரலாம்னு இருக்கறேன். முப்பது வருசம் பைப்போட இருந்தவன், ஒரு ஜாயின்ட் போட மாட்டனா? உங்க ஆளுக அட்டிக்ல ஏறறப்ப எப்படிப் பண்ணுவாங்க? ஏதாச்சும் பாத்துக்கோணுங்களா?"

டெக்னீஷியன்களுக்கான கையேடு அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கூரைக்கும் உள்தட்டிக்கும் நடுவே இருக்கும் அட்டிக் வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால், கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் அதில் ஏறக்கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது. தனியாக ஏறவே கூடாது. மூன்றும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் குளோஸ் ஆன கிளெய்முக்கு எந்த ஆலோசனையும் தரக்கூடாது, நாளைக்குக் கம்பெனி மேல் வழக்கு வரும் என்று டெபி சொல்லி வைத்திருந்தாள். டெபி அப்போது இரண்டு வரிசை தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் திரும்பியிருந்தாலும் அவளுக்குத் தமிழ் புரியப்போவதில்லை.

"அதெல்லாம் நான் சொல்லக்கூடாது ஐயா."

"சரிங்க, சரிங்க. உங்க வேலைக்குத் தொந்தரவாயிரும். சும்மா கேட்டேன்."

அழைப்பின் நீளம் ஒரு நிமிடம் நாற்பது நொடி என்று திரை காட்டியது. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஓர் இளம்பெண் அழைத்தாள். அப்பா இறந்துவிட்டார், ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இதற்கென்று தனிக் குறியீடு இருந்தது. குமுதினி அதைப் போட்டுவிட்டு, ஒப்பந்த எண்ணைக் கேட்டு, பெயரைக் கேட்டாள். கேட்ட பிறகு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வியாழன் மதியம் அட்டிக்கில் ஏறியவர் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் பார்த்துத்தான் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். வெண்பா இதையெல்லாம் அவசரமில்லாமல் சொன்னாள். பலரிடம் சொல்லிச் சொல்லி வார்த்தைகள் பழகிவிட்டிருந்தன.

பிறகு, "உங்க பேர் குமுதினியா?" என்றாள். "ஃபிரிட்ஜ்ல அப்பா தமிழ்ல ஒரு நோட் ஒட்டியிருக்கார். எனக்குப் படிக்கத் தெரியாது. அம்மா அது உங்க பேர்னு சொல்றாங்க. உங்களைப் பார்க்கணும்னு கேட்கறாங்க. ப்ளீஸ், முடியுமா?"

சாந்தன் போக வேண்டாம் என்றான். வேலை போய்விடும், வழக்கு வரும், எதையாவது உளறிவிடுவாய் என்றான். புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டு அவள் தனியாகக் காரோட்டிப் போனாள். எதற்காகப் போகிறோம் என்று வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கா, அல்லது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று உறுதி செய்துகொள்வதற்கா? இரண்டாவதுதான் என்று ஒரு சிக்னலில் நிற்கும்போது அவளுக்கே தெரிந்தது. பச்சை விழுந்ததும் காரைத் திருப்பாமல் நேராகவே போனாள்.

வெண்பா கதவைத் திறந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொன்னார், எங்களுக்காக எவ்வளவு போராடினீர்கள் என்று நன்றி சொன்னாள். பின்பக்க அறையைக் காட்டிவிட்டு, தொலைபேசி அடித்ததால் சமையலறைக்குப் போனாள்.

வீடு நன்றாகக் குளிர்ந்திருந்தது.

கிட்டுசாமியின் மனைவி தனபாக்கியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு ஏறுனாரு. நடக்கறது கேட்டுது. இருமறது கேட்டுது. அப்பறம் காத்து வந்துச்சு. ஜில்லுன்னு. சரி, முடிச்சுட்டாரு, இனி இறங்கி வந்துருவாருன்னு படுத்திருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சோறு உண்ண வாங்கன்னு கூப்பிட்டேன். பொழுது உழுகற வரைக்கும் கூப்பிட்டேன். காத்து நிக்கவே இல்ல. குளிர்ல பல்லு கிட்டிப் போச்சு. போர்வை கால்மாட்டுல கெடந்துச்சு, எட்டல."

குமுதினி தன் மடியில் கிடந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கடுதாசியை நானும் படிச்சேன். வீட்டுக்காரர் சொன்னபடின்னு போட்டிருந்துது. அவரு உங்கிட்டப் பேசுனப்ப நான் இங்கதான் படுத்திருந்தேன். வேற யாருகிட்டயும் அதை அவரு சொல்லல. அந்தப் புள்ளதான் எழுதிருக்குதுன்னு சொன்னேன். நம்ம பொண்ணு அப்படிப் பண்ணாதுன்னு எம்மேல கோவிச்சுட்டாரு. நீ யாரையும் நம்ப மாட்டேன்னு வஞ்சாரு. வஞ்சுட்டுத்தான் ஏணியை எடுத்துட்டுப் போனாரு."

சமையலறையில் வெண்பா யாருக்கோ ஆங்கிலத்தில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீதான எழுதுன?"

மேலே அனுப்பினேன், அவர்கள்தான் முடிவெடுத்தார்கள் என்கிற வாக்கியம் அவள் தொண்டைவரைக்கும் வந்தது. தனபாக்கியத்தின் கண்கள் அவள் முகத்தில்கூட இல்லை, வேறெங்கோ மேலே நிலைத்திருந்தன.

"ஓம்" என்றாள் குமுதினி.

தனபாக்கியம் தலையை லேசாக அசைத்தார். "புள்ளைக்குத் தெரியாது. சொல்லாத. அவங்கப்பன் ஏமாந்து போனான்னு அவ நெனைக்க வேண்டாம்." பிறகு, "குளுருது. போத்தி உடு" என்றார்.

கால்மாட்டில் மடித்துக் கிடந்த போர்வையை எடுத்து, கழுத்துவரை இழுத்து விட்டாள். குனிந்து நிமிரும்போதுதான் அந்த முதிய பெண் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். உடலை இறக்குவதற்காகத் தீயணைப்புக்காரர்கள் கூரைத்தட்டியில் அறுத்த திறப்பு, நேராகக் கட்டிலுக்கு மேலே இருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு நீலப் பிளாஸ்டிக் தாளை அதன்மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஏசி ஓடும்போதெல்லாம் அந்தத் தாள் மெல்ல உப்பிக் கீழே இறங்கியது. நின்றதும் மேலே உள்வாங்கி, ஓடியதும் மறுபடியும் உப்பியது.