மட்டிக்குக் கட்டிய மலட்டுப் பட்டம்

ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்த மூன்று மாடிக் குடியிருப்பில், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுப்பை அணைப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் மாடி சுந்தரவல்லி வீட்டுக் குளியலறையில் மட்டி இருக்கிறது என்பது மட்டும் வெளியே வர ஒரு வாரம் பிடித்தது. ஜீவரத்தினம் அக்கா அந்த வாரம் பொத்தேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததுதான் காரணம்.

சுந்தரவல்லி ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். வெள்ளிக்கிழமையானால் வெங்காயம்கூட உள்ளே வராத வீடு. அந்த வீட்டிலிருந்துகொண்டு முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், கோவளத்துப் பாறைகளில் ஒட்டி வளரும் பச்சை மட்டி என்ற கடல் சிப்பி. எப்போது முட்டை விடுகிறது, எப்படிப் பெருகுகிறது, மொத்தக் கூட்டமும் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இடம் கிடையாது என்று கணவன் ஸ்ரீநிவாசன் கறாராகச் சொல்லிவிட்டதால், மட்டிகள் குளியலறையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் அவளோடு கல்லூரிக்குப் போகும்.

கொண்டுவந்து கொடுப்பது எதிர்வீட்டு முனீர். கேம்ப் ரோடில் அவருக்கு ஒரு சாயங்காலக் கடை. மற்ற நாட்களில் போண்டாவும் முட்டையும்; வெள்ளிக்கிழமை மட்டி வறுவல். அந்த வறுவலுக்குக் கூடுகிற கூட்டத்தை நம்பித்தான் கடைக்கு வாடகையே. ஒவ்வொரு வெள்ளியும் கோவளத்துக்குப் போய் மட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, அங்கேயே தர்காவில் ஜும்ஆத் தொழுகையும் முடித்துவிட்டு, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் மேடவாக்கம் வழியாகத் திரும்புவார். தன்னுடையதை ஈரக் கோணியில் சுற்றிக்கொள்வார். மேடத்துடையது மட்டும் கடல் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வரும். உயிரோடு வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. காசு கொடுத்தால் வாங்க மாட்டார்.

மாதக்கணக்கில் அறுத்துப் பார்த்ததில் சுந்தரவல்லிக்குத் திகைப்புதான் மிச்சம். ஓட்டைத் திறந்தால் பெண் மட்டியின் சதை ஆரஞ்சு நிறத்திலும் ஆணுடையது பாலாடை நிறத்திலும் கொழுத்து நிற்க வேண்டும். இவள் திறந்ததெல்லாம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வெளுத்து, ஆண் எது பெண் எது என்றே தெரியாமல் கிடந்தது. முட்டையும் இல்லை, விந்தும் இல்லை. எந்த மாதம் பார்த்தாலும் இதே கதை. கடல் கெட்டுவிட்டது, மட்டிக் கூட்டமே மலடாகிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினாள். வழிகாட்டிப் பேராசிரியர், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார். அவளுக்குப் பொறுமை இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் வயிறு வலிப்பதில் அவளும் ஜீவரத்தினம் அக்காவும் ஒரே ஜாதி.

வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் வட்டாரப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. ‘கோவளம் மட்டிக்கு மலட்டு நோய்: தாம்பரம் பேராசிரியை அதிர்ச்சித் தகவல்.’ கூடவே பட்டுப் புடவையில் ஒரு படம். விரிவுரையாளரைப் பேராசிரியை ஆக்கியதை அவள் திருத்தச் சொல்லவில்லை.

மீதி வேலையை ஜீவரத்தினம் அக்கா பார்த்துக்கொண்டார். பால் பூத்தில் ‘மட்டிக்கு மலடாம்’ என்று கிளம்பிய செய்தி, தையல் கடையில் ‘தின்றால் ஆகாதாம்’ என்று மாறி, கேம்ப் ரோடு முனைக்கு வந்தபோது ‘தின்ற ஆம்பளைக்கு அவ்வளவுதானாம்’ என்று முழுசாக வளர்ந்திருந்தது. முதலில் கல்யாணமாகாத பையன்கள் கழன்றுகொண்டார்கள். அடுத்து, புது மருமகள் வந்த வீடுகள். கடைசியில், வாராவாரம் தவறாத ஆட்டோக்காரர் சிட்டிபாபு, மூன்று பிள்ளை பெற்றவர், அவரும் ‘எதுக்கு பாய் வம்பு’ என்று போண்டாவுக்கு மாறிவிட்டார்.

வெள்ளிக்கிழமைக் கல் காய்ந்தே கிடந்தது. கடையைக் காலி செய்துவிட்டுப் பழையபடி திருமுடிவாக்கத்தில் லேத் வேலைக்கே போய்விடலாமா என்று முனீர் யோசிப்பதாகக் கேள்வி. அப்போதும் மேடத்தின் வாளி மட்டும் தவறவில்லை. பாவம், உண்மை என்றால் உண்மைதானே, நான் என்ன செய்ய என்று சுந்தரவல்லி பரிதாபப்பட்டாள். படித்தவர்கள் பரிதாபப்பட்டால் அதற்கு ஒரு தனிக் களை.

அவள் கல்லூரியில் இருந்த நேரத்தில் காஸ் சிலிண்டர் வந்து, முனீரின் மனைவி ஷரீஃபா வாங்கி வைத்திருந்தாள். அதைக் கேட்கப் போன சுந்தரவல்லி அன்றுதான் முதல்முறையாக அந்தச் சமையலறை வாசலை மிதித்தாள். விற்காமல் போன மட்டியை ஷரீஃபா வீட்டுக்கே சமைக்கச் சுத்தம் செய்து தாம்பாளத்தில் பரப்பியிருந்தாள். ஒன்று ஆரஞ்சு, ஒன்று பாலாடை, ஒன்று ஆரஞ்சு. ஒவ்வொன்றும் ஓட்டை விட்டுப் பிதுங்குகிற கொழுப்பு.

அதே பாறை, அதே நாள், அதே வண்டி. கோணியில் வந்ததற்குப் பிள்ளை உண்டு, வாளியில் வந்ததற்கு இல்லையா? இத்தனை மாதமாக எதிர்வீட்டிலிருந்து வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

முனீர் உள்ளேயிருந்து வந்தார். வாளித் தண்ணீரைப் பற்றி அவள் கேட்டாள்.

“அதுவா மேடம்? தொழுதுட்டு வந்து தொறந்தா, பால் ஊத்துன மாதிரி கலங்கிக் கீது. எப்பவுமே அப்டித்தான். அழுக்குத் தண்ணிய உங்களாண்ட குடுக்க மனசு வரல. முட்டுக்காட்டுல கொட்டிட்டு, புதுசா புடிச்சினு வருவேன்.”

தண்ணீர் சூடேறினால் மட்டி தன்னிடமிருக்கும் முட்டையையும் விந்தையும் மொத்தமாக வெளியே விட்டுவிடும். இரண்டாம் வருஷப் பெண்களுக்குச் சுந்தரவல்லியே நடத்துகிற பாடம். தர்கா வாசல் வெயிலில் வாளி நின்றிருக்கிறது. உள்ளே பிரசவம் நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பெற்று முடித்த உடம்புகள். அவற்றை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் மலட்டுப் பட்டம் கட்டியிருக்கிறாள். கரையிலேயே திறந்து, சதை மாறாமல் வைக்கும் மருந்தில் போட்டிருக்க வேண்டும். அதற்குக் கோவளம் வரை வெயிலில் போக வேண்டும், போகவில்லை.

தட்டுத் தடுமாறி அதைச் சொல்லி முடித்தாள். முனீர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடடா, அப்ப நான் வெயில்ல நிறுத்துனதாலயா? ஸாரி மேடம். உங்க படிப்பையே கெடுத்துட்டேனே.”

ஷரீஃபா மட்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: “அவர் கேட்டுட்டாரு மன்னிப்பு. கேக்க வேண்டியவங்க எப்போ கேப்பாங்களோ?”

அடுத்த வெள்ளி சுந்தரவல்லி கேம்ப் ரோடு கடைக்குப் போனாள். நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவது என்று கல்லூரியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தாள். மட்டியில் நோய் எதுவும் இல்லை, எல்லாரும் சாப்பிடலாம் என்பது வரை தைரியமாக வந்துவிட்டது. போண்டா மென்றுகொண்டிருந்த சிட்டிபாபு கேட்டார்: “அப்போ பேப்பர்ல போட்டது இன்னா மேடம்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் முனீர் முந்திக்கொண்டார்.

“என் தப்புப்பா அது. மேடத்துக்குக் குடுத்த மட்டிய வெயில்ல வெச்சிக் கெடுத்துட்டேன். அவங்க இன்னா பண்ணுவாங்க?”

கூட்டம் சிரித்தது. வாளியை வெயிலில் வைத்து மேடத்தையே முட்டாளாக்கிவிட்டாயே என்று ஆளாளுக்கு முனீரை ஓட்டினார்கள். அதே வாயோடு சிட்டிபாபு ஒரு பிளேட் வறுவல் கேட்டார். பின்னாலேயே இன்னும் சிலர் கேட்டார்கள்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு நிறைய நேரம் இருந்தது. கல் காயும் நேரம், எண்ணெய் ஊற்றும் நேரம், மசாலா புரட்டும் நேரம். சொல்லவில்லை. சொல்லாததுகூடப் பரவாயில்லை, முனீர் முந்திக்கொண்ட அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் ‘அப்பாடா’ என்று இருந்ததே, அதுதான் வழி நெடுக அவளைச் செருப்பால் அடித்துக்கொண்டு வந்தது.

மாடிப்படியில் ஜீவரத்தினம் அக்கா காத்திருந்தார். கேம்ப் ரோடு சமாச்சாரம் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

“பாய் பண்ண தப்புக்கு, நீங்க போய் அவர் கடைக்காகப் பேசினீங்களாமே. எவ்ளோ பெரிய மனசு மேடம் உங்களுக்கு.”

சுந்தரவல்லி சாவியைத் துளையில் நுழைத்தபடி நின்றாள். பத்திரிகைக்காரருக்குக் காலையிலேயே போன் செய்திருந்தாள். பழைய செய்திக்கு மறுப்பெல்லாம் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். கேம்ப் ரோடுக்குத் திரும்பிப் போய்க் கூட்டத்தின் முன்னால் நிற்க அவளுக்குக் கால் வராது. அது அவளுக்கே தெரிந்தது. எதிரே நிற்பவரைப் பார்த்தாள்.

“அக்கா, உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

ஒன்று விடாமல் சொன்னாள். வாளி, வெயில், தானே நடத்துகிற பாடம், கேட்டுத் தெரிந்துகொள்ளாத தண்ணீர், மூக்கைப் பொத்திக்கொண்டது, இன்று கடையில் வாய் மூடி நின்றது, அந்த ‘அப்பாடா’ உட்பட. முனீர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். ஜீவரத்தினம் அக்காவின் கண்கள் விரிந்துகொண்டே போயின.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா,” என்று முடித்தாள்.

“சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்,” என்று அக்கா எழுந்துவிட்டார். காபி வேண்டாமாம், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருக்கிறாராம்.

அக்காவின் வீடு மூன்றாம் மாடி. செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. சுந்தரவல்லி முகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் வாசல் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.