போட்டோவுக்கு ஒரு முழம் தண்ணீர்

கமக்காரனே இந்த நாட்டின் முதுகெலும்பு என்பதைப் பனிச்சைவட்டை கமக்காரர் அமைப்பின் தலைவர் முத்தலிப் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட முதுகெலும்பு ஒன்றின்மேல் அவரே மண்வெட்டிப் பிடியை ஓங்கி இறக்கியது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. அடி வாங்கியவன் அவருடைய மனைவியின் தம்பி பக்கீர்.

கார்த்திகை மழையில் தோப்பூர்ப் பக்கத்து வயல்கள் பத்து நாள் மூழ்கிக் கிடந்தன. தலைவர் உடனே கூட்டம் போட்டு, தண்ணீரை வடிய விடுங்கள் என்று ஒலிவாங்கியில் முழங்கினார். தன் இரண்டு ஏக்கரை முதலில் வடிய விட்டவரும் அவர்தான். பயிர் எப்படியும் அழுகிச் செத்தது. பக்கத்து வயல்காரன் பக்கீர் பஞ்சியில், சோம்பல் முறித்துக்கொண்டு, வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். அவனுடைய வயலில் மட்டும் ஒரு முழம் தண்ணீர், பார்க்கிறவர் கண் கலங்கும்படி, அப்படியே நின்றது.

செவ்வாய் பின்னேரம், வட்டை வயல்களின் தண்ணீர்க் காரியம் பார்க்கும் நுஸ்கி தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தலைவர், நட்டஈட்டுக்குப் போட்டோ எடுக்க உத்தியோகத்தர் ஐயா நாளைக்கு எட்டு மணிக்கு வாறாராம். தண்ணி நிண்டாத்தான் அழிவு எண்டு எடுபடுமாம்."

நட்டஈடு வராவிட்டால் அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்க முத்தலிப்புக்கு வழி கிடையாது. ஆகவே விடியற்காலை ஐந்தரைக்கே வெள்ளைச் சேட்டும் இடுப்பில் புதுச் சாரமுமாகப் போய், இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்த வரம்பை வெட்டினார். தண்ணீர் தலைவருக்குக் கட்டுப்பட்டு இறங்கி வந்தது. அவர் வீதியைப் பார்த்து நின்று, உத்தியோகத்தருக்கான வரவேற்புரையை ஒத்திகை பார்த்தார். ஏழு மணிக்குப் பக்கீர் வந்தான்.

"என்ன மச்சான், என்ட வெள்ளத்தக் களவெடுக்கிறீங்களா?"

"கொஞ்சந்தான்டா. போட்டோ எடுக்கிற மட்டும்."

"வடிய விடு, வடிய விடு எண்டு மைக்குல கத்தினீங்களே! இப்ப என்னத்துக்கு என்ட தண்ணி? வாயால நிரப்புங்க!"

பிடி முதுகில் இறங்கியது அப்போதுதான். குப்புற விழுந்த பக்கீர் ஒரு வேலிக்கட்டையோடு எழுந்தான். தலைவரின் முன்பற்கள் இரண்டு வரவேற்புரையோடு சேற்றில் விழுந்தன. மண்வெட்டி திரும்பியது, அலகு பக்கீரின் தோளைப் பிளந்து எலும்பில் தட்டி நின்றது. பக்கீர் அவர் காதைக் கடித்தான், கடித்ததைத் துப்பினான், சாரத்தைப் பிடித்து உருவித் தண்ணீரில் எறிந்தான். தலைவர் அவன் பிடரியில் முழங்காலை ஊன்றி, முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கொல்லத்தான் அமுக்கினார். குமிழி வந்தது. பிறகும் வந்தது. பிறகு பக்கீர் இருமினான்.

முகத்தை மூட அங்கே தண்ணீர் போதவில்லை. வடிய விட்ட அன்று திறந்த தன் வயலின் கீழ்வாயைத் தலைவர் அடைத்திருக்கவில்லை. இரண்டு வயல் வெள்ளமும், சாரமும் சேர்ந்து, வாய்க்கால் வழியே போய்விட்டிருந்தன.

எட்டு மணிக்கு உத்தியோகத்தர் தனஞ்சயன் நுஸ்கியின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இரத்தத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அம்புலன்சுக்குச் சொல்லுங்கோ. தண்ணி வேணும் எண்டு ஆர் சொன்னது? செத்த பயிரும் வயல்காரரும் ஒரே படத்தில இருக்கோணும், அவ்வளவுதான். அடையாள அட்டையைப் பிடியுங்கோ, நம்பர் தெரியோணும். கெதியா! இன்னும் நாலு வட்டை கிடக்கு."

நுஸ்கி வானத்தைப் பார்த்தார்.

பக்கீர் வெட்டுப்படாத கையால் அட்டையை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தான்.

"ஐயா, ஒரு சாரம் கிடைக்குமா?" என்றார் தலைவர்.

"நான் போட்டோ எடுக்க வந்தனான். அசையாமல் நில்லுங்கோ."

பக்கீருக்குத் தை மாதம் காசு வந்தது. முத்தலிப்பின் விண்ணப்பம், அடையாள அட்டை இலக்கம் தெரியவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. படத்தில் அவர் அட்டையை இடுப்புக்குக் கீழே பிடித்திருந்தார்.