வாத்தியார் பக்கத்து பிரேக்

“இருமுங்க சார்” என்றார் நர்ஸ். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினேன். பைபாஸ் முடிந்து எட்டாவது நாள். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். நான் விழுந்த அன்று மத்தியானம் அவர்தான் கொண்டுவந்து சேர்த்ததாக மனைவி சொல்லியிருந்தாள். கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். “நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே சார்.”

அவர் போனதும் மகள் போட்டு உடைத்தாள். “அம்மாதான்ப்பா ஓட்டிட்டு வந்தாங்க. நம்ம கார்ல.”

இருபத்தேழு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் வாத்தியார். மனைவியை மட்டும், கல்யாணமான புதிதில், ‘உனக்கு இது வராது’ என்று இரண்டே நாளில் இறக்கிவிட்டேன். பிறகு அவள் கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

“யார்கிட்ட கத்துக்கிட்ட?”

கால்மாட்டில் நின்ற மனைவி போர்வையை மடித்தபடியே சொன்னாள். “அடுத்த தெரு வாத்தியார்கிட்ட. ஆறு வருஷம் ஆச்சு.”

சுருக்கென்றது, தையலில் அல்ல. கிளட்சிலிருந்து காலையே எடுக்காமல் ஓட்டச் சொல்லித்தருகிற ஆள் அவன். தங்கச்சி வீட்டுக்கு என்று அவள் போன செவ்வாய்க்கிழமைகளெல்லாம் இப்போதுதான் புரிந்தன.

எங்கள் கார்தான் பயிற்சிக் காரும். அதில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. “வழி பூரா அதை மிதிச்சீங்க” என்றாள். “கண்ணு சொருகுது, நெஞ்சைப் பிடிச்சிருக்கீங்க, காலு மட்டும் மிதிக்குது. நடு ரோட்டுல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி பஸ்காரன் கத்தறான். காலை எடுங்கன்னு நானும் கத்தறேன். கடைசில உங்க முட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால ஓட்டினேன்.”

பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கும் நானேதான் முட்டுக்கட்டை போட்டிருக்கிறேன்.

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “வண்டி அன்னையிலேர்ந்து கீழேயேதான் நிக்குது. நான் பஸ்லதான் வந்து போறேன். இனிமே தொடமாட்டேன், திட்டாதீங்க.”

வெட்கமாக இருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டு என் திட்டுக்கு எட்டு நாள் பயந்திருக்கிறாள். அப்படி வாழ்ந்து வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகச் சாவியை எடுத்து நீட்டினேன்.

“நாளைக்கு வீட்டுக்குப் போக மாத்துத்துணி வேணும். போய் எடுத்துட்டு வா.”

“சாயங்காலம் பஸ்ல வரும்போது...”

“கார்ல” என்றேன்.

அவள் போனதும், நர்ஸ் தாங்கிக்கொள்ள, ஜன்னல்வரை நடந்தேன். மூன்று மாடிக்குக் கீழே, இரண்டு வேன்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது எங்கள் கார். பின்னால் வந்தது, நின்றது, முன்னால் போனது, மறுபடி பின்னால் வந்தது. ‘ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பு’ என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. நாலாவது தடவையில் வெளியே வந்து, ஆஸ்பத்திரி கேட் அருகே நின்றது.

“போதும் சார், வந்து படுங்க.”

“இருங்கம்மா. அவ இன்னும் ரோட்டுல ஏறல.”

ஒரு பஸ் போனது. அதை ஒட்டியே ஒரு லாரி. காரின் வலது இண்டிகேட்டர் மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.