சோறூணுக்கு இன்னும் பதினொரு நாள்

நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் மதியம் மற்றவர்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது லேகா மட்டும் ஸ்டாக் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். புடவைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து, ஐஸ் பைக்குள் வைப்பாள். அரை மணி நேரத்தில் அரை பாட்டில் தேறினால் பெரிய காரியம். பால் கொடுக்கிறவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று புத்தி சொல்ல ஊரில் ஆள் உண்டு. அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் ஒருத்தரும் கிடையாது.

இரவும் காலையும் குழந்தை அனூஜுக்கு அவளே பால் கொடுத்துவிடுவாள். பகலில் பாட்டில் பாலைப் புகட்டுவது அவள் கணவனின் அண்ணன் மனைவி பிரசீதா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னதை லேகா பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் முடிகிற அன்று செங்கல் ஊர்க் கோயிலில் சோறூணு. பிள்ளையின் வாயில் முதல் சோறு அன்றுதான் படவேண்டும். இன்னும் பதினொரு நாள். அதுவரை ஒப்பேற்றிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை லீவு போட்டு, எடை பார்க்க அங்கன்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனாள். பிரசீதாவும் கூட வந்தாள். எடையைப் பார்த்த நர்ஸ் ஷியாமளா அங்கிருந்த தாய்மாருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு மாசத்துல அறுநூறு கிராம் கூடியிருக்கு. முலைப்பாலுக்க கொணமாக்கும் இது. லேகாவக் கண்டு படியுங்க."

லேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொல்லில் தீர்ந்ததுபோல் இருந்தது.

திரும்பும் வழியில் பிரசீதா பின்தங்கியே நடந்தாள். ரப்பர் தோட்டத்து வளைவில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்று வாரமாக அனூஜுக்குப் பகலில் கொடுப்பது குன்னங்காய்க் குறுக்காம். வாழைக்காயை உலர்த்திப் பொடித்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சியது. ஐஸில் இருந்த பால் பிள்ளைக்குச் சளி கட்டும் என்று பயமாம். பாலைக் கறிவேப்பிலை மரத்தடியில், யார் காலும் படாதபடி ஊற்றிவிடுவாளாம்.

"சோறு ஒரு பருக்கை குடுக்கல்ல, சத்தியமா. கோயில் காரியமில்லியா. இது சோறு இல்லியே மோளே, காய்ப்பொடிதானே."

திட்டத்தான் லேகா வாயெடுத்தாள். ஆனால் முதலில் வந்தது கோபமல்ல, நிம்மதி: இனி அந்த ஸ்டாக் அறைக்குப் போகவேண்டாம். அப்படி நினைத்துவிட்டோமே என்றுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியோரக் கலுங்கின் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து பிள்ளையை மார்போடு சேர்த்தாள்.

"அத்தன பேருக்க முன்னாடி, எனக்க பாலுன்னு நெனச்சுல்லா அக்கா நின்னேன்," என்றாள்.

காலையில் லேகா குளிக்கப் போன நேரத்தில் வயிறு நிறையக் குறுக்கு குடித்திருந்த அனூஜ் இரண்டு வாய் சப்பிவிட்டு, தலையைத் திருப்பி, பெரியம்மை பிரசீதாவைப் பார்த்துச் சிரித்தான். பால் அதுபாட்டுக்கு வடிந்து லேகாவின் சுடிதாரை நனைத்துக்கொண்டிருந்தது.