தண்ணிக்காரியின் கடைசிப் பத்து நிமிடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. செங்கல்பட்டில் கல்பாக்கம் பேருந்து ஏறியபோது அது என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆடி மாதம். வந்து உட்கார்ந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. துண்டால் சுற்றிய ஒரு பொருளை, காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். துண்டு விலகியபோது பார்த்தேன். பழைய வீசிஆர்.

திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் பட்டதும் பேருந்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவருக்குக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், முகம் வாடியது.

"கொடுங்க சார், நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன்.

தயங்கித்தான் கொடுத்தார். கைகூப்பி, கண்ணை மூடி, மலை மறையும்வரை வேண்டினார். அடுத்தவர் வேண்டுதலைக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"டேப் அறுந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

இறைவனிடம் நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், மற்றவர்கள் கேட்பதையும் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அங்கிருந்து கல்பாக்கம் போய்ச் சேரும்வரை அவர் சொன்னதுதான் இந்தக் கதை.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு மாதம் போயிற்று.

[முதல் தொடக்கம்: "அமாவாசை இருட்டில் கடல் உறுமியது. வெள்ளைப் புடைவையில் ஒரு பெண்—" வேண்டாம். அது அவர்கள் பார்த்த படத்தின் தொடக்கம். என் கதையின் தொடக்கம் அல்ல.]

[இரண்டாம் தொடக்கம்: "குப்பம்மாவின் மகன் சடையன் மிக நல்லவன்." இதுவும் வேண்டாம். இறந்தவர்களை எல்லோரும் நல்லவர்கள் என்றுதான் எழுதுகிறோம். அவன் எப்படி அழுதான் என்பதுதான் எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.]

மூன்றாவது இது. பேருந்தில் வந்தவருக்கு நரசிம்மன் என்று பெயர். அணுசக்தி நிறுவனத்தில் வேலை, ஊழியர் குடியிருப்பில் மாடி வீடு. அவருக்குப் பழைய பேய்ப்படம் என்றால் உயிர். கருப்பு வெள்ளையில், கயிறு தெரியப் பறக்கும் வௌவால், பேய் வருமுன் தானாக ஆடும் ஊஞ்சல், நெற்றியில் குங்குமத்தோடு சுடுகாட்டுக்குப் போகும் கதாநாயகி, இவையெல்லாம் இருக்க வேண்டும். புதுப்பட்டினத்தில் ஒரு கேசட் கடை, கேபிள் டிவி வந்து படுத்துக்கொண்டபோது, கடைக்காரர் ஒதுக்கிப் போட்ட பேய்ப்படங்களை எல்லாம் இவர் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கல்யாணி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளும் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்சி. நரசிம்மனோடு வேலை பார்க்கும் திருவேங்கடம் தவறாமல் வருவார். பயப்படுவது பாதி நேரம்தான். மீதி நேரம் நிறுத்தி நிறுத்திச் சண்டை.

"இதப் பாரு சிம்மா, பேய்க்கு நிழல் விழுது."

"லைட்டுக்காரன் விட்ட பிழை. பேய் என்ன பண்ணும்?"

"நிழல் விழுற பேய்க்கு நான் எதுக்குய்யா பயப்படணும்?"

"போன வாரம் நிழல் இல்லாத பேய்க்கு மட்டும் பயந்தீங்களாக்கும்? அப்பவும் முறுக்கு தின்னுட்டுதான் இருந்தீங்க" என்பாள் கல்யாணி.

அந்தச் சாக்கிலிருந்து வந்ததுதான் 'தண்ணிக்காரி'. உண்மைப் பெயர் அதுவல்ல. பெயர் வரும் இடம் டேப்பில் அழிந்துபோயிருந்ததால் இவர்களே வைத்தது. கடலில் மூழ்கிய ஒரு பெண், ஊருக்குள் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டிக் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். யாரும் கொடுப்பதில்லை. கடைசி வீட்டுக்கு வருகிறாள். தட்டுவதற்குக் கை உயர்கிறது...

உடனே மேளச் சத்தம்! வண்ணத்தில் ஒரு பந்தல்! ஏதோ ஒரு வீட்டுக் காதுகுத்து! கடைக்காரர் விசேஷங்களுக்கு வீடியோவும் எடுப்பார். புது கேசட் தீர்ந்துபோன ஒரு நாளில், படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தின் மேல் அதைப் பதிந்து, பிறகு எதில் பதிந்தோம் என்று தெரியாமல் அலமாரியில் சொருகிவிட்டார் போல. தாய்மாமன் மடியில் குழந்தை. மாமனுக்கு மஞ்சள் சட்டை, முறுக்கிய மீசை. ஆசாரி காதில் குத்துகிறார். குழந்தை வீல் என்று ஒரு தடவை கத்திவிட்டு வாழைப்பழத்தைக் கேட்கிறது. மீசைக்கார மாமன்தான் தேம்பித் தேம்பி அழுகிறான். ஆசாரியே அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்.

முதல் தடவை அவர்கள் சிரித்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. எந்தப் படத்திலும், எந்த வீட்டிலும், யார் கதவைத் தட்டினாலும் மூவரும் சேர்ந்து "காதுகுத்து!" என்று கத்துவார்கள்.*

* இதைச் சொன்னபோது நரசிம்மன் பேருந்திலேயே மெதுவாகக் கத்திக் காட்டினார். நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

3

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அந்த அலை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பல மாதம் காட்சி இல்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு, பழக்கம் விடாமல் திருவேங்கடம் வந்து உட்கார்ந்தார். படம் போடவில்லை, பேச்சும் அதிகமில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது.

"காதுகுத்து!" என்றார் திருவேங்கடம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கல்யாணி கதவைத் திறந்தாள். கூடையோடு குப்பம்மா நின்றுகொண்டிருந்தாள். வருஷக்கணக்காக அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கிறவள். அலைக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக வருகிறாள். அவளுடைய மகன் போய்விட்டான் என்று குடியிருப்பு முழுக்கத் தெரியும். மகனை யாரும் பார்த்ததில்லை.

"யாருக்கும்மா காதுகுத்து?" என்றாள்.

கல்யாணிதான் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "ஒண்ணுமில்ல குப்பம்மா. பழைய பேய்ப்படம் ஒண்ணு. அதுமேல யாரோ காதுகுத்து வீடியோவப் பதிஞ்சுட்டாங்க. குழந்தையவிட தாய்மாமன் பெரிசா அழுவான். அதப் பார்த்து இவங்களுக்கு ஒரு விளையாட்டு."

குப்பம்மா கூடையை இறக்கினாள்.

"மஞ்சா சட்டையா?"

"ஆமா."

"பையில பேனா சொருவிகினு கீறானா?"

கல்யாணிக்கு நினைவில்லை. நரசிம்மனுக்கு இருந்தது. தலையசைத்தார்.

"அவனுக்கு ஏதும்மா பேனா? வீடியோ புடிக்க வந்தவன் கையிலருந்து வாங்கி சொருவிகினான். என் பொண்ணு புள்ளைக்குக் காது குத்துனது அது. அய்தவன் என் சடையன்." கொஞ்ச நேரம் கூடைக்குள் பார்த்தாள். "கேமரா பூட்ச்சி, ஒண்ணும் வர்லன்னு சொல்ட்டான் அந்த ஆளு. நாங்க பாக்கவே இல்ல."

வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன என்றாள். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "கனாவுல வர்றான் சார். முதுவு தெரிது, மூஞ்சி தெரில. ஒரு தபா பாத்துக்கட்டுமா?" என்றாள்.

4

எட்டு வருஷத்துப் பூஞ்சை பிடித்த டேப் அது. வீசிஆரும் நின்றுபோயிருந்தது. செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக் ஹெட்டைத் துடைத்து, பெல்ட் மாற்றிக் கொடுத்தார். கேசட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வேகமா ஓட்டுனீங்க, அறுந்துடும். மொதல்லருந்து நிதானமா விடுங்க. ஒரு தடவை தாங்கலாம். தாங்காமயும் போகலாம்."

 ஓடும்போதே வேறொன்றில் பதிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் திருவேங்கடம் ஒயரெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். ஆனாலும் முதலில் டேப் ஓட வேண்டும்.

ஆக, மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் குப்பம்மா முதலில் இரண்டு மணி நேரம் தண்ணிக்காரியைப் பார்த்தாக வேண்டும். கடலில் செத்தவள் ஈரத்தலையோடு கரையேறி வருவதைப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் கதவடைப்பதைப் பார்க்க வேண்டும்.

இதுதான் நரசிம்மனை அரித்தது. "அந்தம்மாவ உட்கார வச்சு இதக் காட்டலாமா சார்? பாவமில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பேய்ப்படம் பார்க்கிறவன் அல்ல. திருநீறு பூசிக்கொண்டு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவன். எனக்கென்ன தெரியும்? அதனால் அவரையே திருப்பிக் கேட்டேன், இந்தப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாப் பேய்க்கும் ஒரு குறை இருக்கும் சார். உனக்கு என்ன வேணும்னு யாராவது ஒருத்தர் கேட்டுட்டா படம் இடைவேளையிலயே முடிஞ்சிடும். யாரும் கேட்க மாட்டாங்க. ஓடுவாங்க. அதனாலதான் படம் ரெண்டு மணி நேரம் ஓடுது."

நான் படித்த பக்தி நூல்களில் பாதி இதைத்தான் சொல்கின்றன. இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கல்பாக்கத்தில் இறங்கினோம். காட்சி வரும் ஞாயிறு என்றார். என்ன ஆயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்க வாயெடுத்தேன். மாமல்லபுரம் பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது. ஓடினேன். அவர் விலாசத்தை நான் கேட்கவில்லை. அந்த ஞாயிறு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

5

எனவே இனி வருவதெல்லாம் நான் எழுதுவது.

[குப்பம்மா முந்தானையால் கண்ணை— இல்லை. தமிழ்க் கதைகளில் துக்கம் வந்த பெண்கள் எல்லோரும் இதைச் செய்துவிட்டார்கள். இவளாவது வேறு ஏதாவது செய்யட்டும்.]

[பாதிப் படத்தில் அவள் எழுந்து போய்விடுகிறாள். நரசிம்மன் பின்னாலேயே ஓடி— இதுவும் நம்பும்படி இல்லை. மகனைப் பார்க்க வந்தவள் எதற்குப் போவாள்?]

நான் நம்புவது இது. அவள் தரையில் சுவரோரம் உட்கார்ந்தாள். நாற்காலியைக் கல்யாணி இரண்டு தடவை இழுத்துப் போட்டும் வேண்டாம் என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கல்யாணியும் தரையிலேயே உட்கார்ந்தாள். தண்ணிக்காரி அலையிலிருந்து எழுந்தபோது நரசிம்மன் திரையைப் பார்க்கவில்லை, குப்பம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது," என்றாள் குப்பம்மா. "கடல்ல வுயுந்து செத்தவளுக்குத் தலையில பூவு வாடாம கீது?"

திருவேங்கடம் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிங்க சார். படம்தானே. அந்த வலையப் பாரு, எவன் இப்டி காயப் போடுவான்?"

"செட்டு போட்டவன் மதுரைக்காரனா இருப்பான்" என்றார் திருவேங்கடம், மெல்லத் தைரியம் வந்து. "உனக்கு பயமா இல்லையாம்மா?"

"இதுக்கா? எங்க கவுன்சிலர் வூட்டம்மாவ நீ பாத்தது இல்லியே."

கல்யாணி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆயிற்று. நடுநடுவே படத்தில் பூச்சி பறந்தது. கோடு கோடாக இழுத்தது. ஒவ்வொரு தடவையும் நரசிம்மன் நாற்காலி நுனிக்கு வந்தார்.

தண்ணிக்காரி முதல் கதவைத் தட்டினாள். அடைத்தார்கள். இரண்டாவது கதவு. அடைத்தார்கள். மூன்றாவது வீட்டில் துடைப்பத்தை எடுத்தார்கள். குப்பம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு, யாரிடமும் என்றில்லாமல், "உப்புத் தண்ணியத்தானே குடிச்சிகினு போனா. தாவம் எடுக்கும் இல்ல?" என்றாள். "குடுத்தா இன்னா. ஒரு சொம்பு."

கல்யாணி சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"வெய்யிம்மா," என்றாள் குப்பம்மா. "அவன் வரட்டும்."

6

இங்கே நான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டேப் அறுந்துபோனது என்று எழுதலாம். அப்படி எழுதினால் கதைக்கு ஒரு கனம் வரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். என் கனத்துக்காக ஒரு தாயிடமிருந்து எதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் சட்டை வந்தது, அவள் முகம் பார்த்தாள் என்றும் எழுதலாம். ஆனால் அது எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்வது. பொய்யாக ஒரு வரம் கொடுப்பது.

அந்த ஞாயிறு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் பேருந்தில் போகும்போதெல்லாம், மலை தெரிந்ததும் நான் வேண்டிக்கொள்கிறேன்: டேப் அறுந்துடக் கூடாது. நடந்து முடிந்த ஒன்றுக்கு வேண்டலாமா என்று ஓதுவார் ஒருவரிடம் கேட்டேன். "முன்னே பின்னே என்பதெல்லாம் நமக்குத்தானே ஐயா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் முடிவை எழுதிவிட்டால் அப்புறம் எதை வேண்டுவது?

அதனால் கடைசிப் பத்து நிமிடம் உங்களிடம். பார்ப்பதற்கு முன்னால் ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள், கை ஒழியாவிட்டால் தலையை ஆட்டினாலும் போதும்.

7

தண்ணிக்காரி கடைசி வீட்டுக்கு வந்துவிட்டாள். கோடுகள் அதிகமாயின. வீசிஆருக்குள் ஏதோ கிறீச்சிட்டது. நரசிம்மன் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கை உயர்ந்தது. கத்த வேண்டிய இடம். யாரும் வாய் திறக்கவில்லை.

குப்பம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னாத்துக்கு சும்மா கீறீங்க?" என்றாள். "சொல்லுங்க சார். நீங்க சொன்னாத்தானே வருவான்."

மூவரும் சொன்னார்கள். அவளும் கூடச் சேர்ந்துகொண்டாள்.