முன்கூட்டியே நன்றி

வாடகை நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடியது. மருமகன் அதைச் சுவரோரமாகத் தள்ளி, யார் விழுந்தால் பரவாயில்லை என்று உறவுக்காரர்களை ஒவ்வொருவராக மனத்தில் ஓட்டிப் பார்த்தான். மாலை நான்கு மணிக்கு நன்றிக் கூட்டம். மாமனாருக்குப் புற்றுநோய் பூரணமாகக் குணமாகிவிட்டதற்காக.

மாமனார் உள்ளறையில் செத்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நாளில் நடப்பதை அங்கே யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அத்தை என்று கூப்பிடும் மாமியாரின் முறை அப்படி. கடவுளிடம் எதையும் கேட்கக் கூடாது. கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட வேண்டும். கேட்பது சந்தேகப்படுகிறவர்கள் செய்கிற வேலை. மகள் பரீட்சைக்குக் கிளம்பும்போதே அவள் தேறியதற்கு நன்றி சொல்லப்பட்டது. காற்று மட்டும் வரும் குழாயின் முன்னால் நின்று தண்ணீருக்கு நன்றி சொல்லப்பட்டது. "நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உங்களுக்கும் நன்றி சொல்லியாச்சு மாப்ளே" என்று கல்யாணமான புதிதில் அத்தை அவனிடம் சொன்னார். அந்த நன்றி இன்னும் கொஞ்சம் உயரமான ஒருவனுக்குச் சொல்லப்பட்டதாக இருக்கும் என்று அவனுக்கு அன்றிலிருந்து ஒரு உறுத்தல்.

மாமாவுக்கு வந்தது அரிய வகை. அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரே நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார். மருத்துவ மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பேர் வரல" என்றார் மாமா. திணறிப்போனது உறவினர்கள்தான். சர்க்கரை, மூட்டுவலி என்றால் ஆளுக்கொரு வைத்தியம் கைவசம் இருக்கும். இதற்கு ஒருவரிடமும் சரக்கு இல்லை. "எங்க ஓரகத்திக்கும் இதேதான்" என்று ஆரம்பிக்க வழியில்லாமல், பழத்தை வைத்துவிட்டு ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள். அத்தை அந்த அரிய வகைக்கும் நன்றி சொன்னார். அபூர்வமான நோயைக் கொடுத்தவர் அபூர்வமாக ஏதோ செய்யத்தானே கொடுத்திருப்பார்.

காலையில் வந்த நர்ஸ் மாமாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். போர்வையை இழுத்து மூடினாள். பிறகு அவனை மட்டும் வாசல்வரை கூட்டிப்போனாள்.

"கால் நீலம் பாய ஆரம்பிச்சிடுச்சு சார். மூச்சும் விட்டு விட்டுத்தான் வருது. இன்னைக்குப் பொழுது தாண்டுறது கஷ்டம். பேச வேண்டியவங்கள இப்பவே பேசிடச் சொல்லுங்க."

"இதை ஏங்க என்கிட்ட சொல்றீங்க?"

"மத்தவங்க எல்லாம் நான் வாயத் திறக்கிறதுக்குள்ள நன்றி சொல்லிடறாங்க சார்."

அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தான். கற்றுக்கொள்கிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பான். அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், நர்ஸ் போனதிலிருந்து அவனுடைய வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எதுவும் நிற்கவில்லை.

முதல் முயற்சி சமையலறையில். அத்தை டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நர்ஸ் ஒண்ணு சொன்னாங்க."

"நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்க. அதுக்கும் நன்றி. மேல் தட்டுல பெரிய பிளாஸ்க் இருக்கு, எடுங்க மாப்ளே."

அவன் எடுத்துக்கொடுத்தான்.

அடுத்தது மனைவி. அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட கையையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"பிளாஸ்க் எடுத்துக் குடுத்தேன்."

"என்னங்க நீங்க!"

"நீ சொல்லேன். உன் அம்மாதானே."

"நான் சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சுன்னு அதுக்கு வேற அழுவாங்க. நீங்க சொன்னா, மாப்பிள்ளை பாவம், ஏதோ தெரியாம சொல்றார்னு விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்கன்னா சொல்லி என்னடி பிரயோஜனம்?"

"காதுலயாவது விழும்ல?" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முகத்தைச் சட்டையால் துடைக்கப் போனவள், அது அப்பாவின் சட்டை என்று நினைவு வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

உள்ளறையில் பிராணவாயு இயந்திரம் சீராக உறுமிக்கொண்டிருந்தது. மாமா கண்களைத் திறந்துதான் வைத்திருந்தார். உதட்டோரம் வலியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"மருந்து குடுக்கட்டுமா மாமா?"

"வேணாம். குடிச்சா தூங்கிடுவேன். நாலு மணிக்கு யாரு உட்கார்றது? நீங்களா?"

"கூட்டத்தைத் தள்ளி வச்சுடலாம்."

"அவ மனசு கஷ்டப்படும். நாற்காலி எல்லாம் வந்தாச்சு போல, சத்தம் கேட்டுது." மூச்சு வருவதற்காகக் காத்திருந்தார். "நர்ஸு என்ன சொல்லுச்சு?"

அவன் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தான். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

"சரி விடுங்க" என்றார் மாமா. "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டேன். எனக்குத் தெரியாதா? என் தொழிலே அதுதானே."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டிடங்களில் எல்லாம் லிஃப்டுக்குள் நிற்காமல் அதன் தலைமேல் நின்று போய்வந்தவர்.

"மாப்ளே, ஆளு உள்ள மாட்டிக்கிட்டா நாங்க மொதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"கதவைத் திறப்பீங்க."

"அதான் இல்ல. மேல உட்கார்ந்துக்கிட்டு பேச்சுக் குடுப்போம். எந்த ஊரு, எத்தன புள்ளைங்க, இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு. வேலை பாட்டுக்கு வேலை, பேச்சு பாட்டுக்குப் பேச்சு. பேச்சு நின்னுச்சுன்னா உள்ள இருக்கிறவன் பயந்துடுவான். கயிறு அறுந்து போச்சுன்னே நினைச்சுக்குவான்."

நீண்ட இடைவெளி விழுந்தது. இவ்வளவுதான் போல என்று அவன் குனிந்து பார்த்தான். அடுத்த மூச்சு வந்தது.

"இவ எனக்கு எல்லாம் செய்யறா. துடைச்சு விடறா, ஊட்டி விடறா. ஆனா படுத்ததுலேர்ந்து என் தலைக்கு மேல யார்கிட்டயோதான் பேசிட்டிருக்கா. நன்றி, நன்றின்னு. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. இந்த மனுஷன் என்ன ஆனான்னு ஒரு சண்டைகூடப் போடல."

"கூட்டிட்டு வரேன் மாமா."

"திட்டாதீங்க அவள."

"நான் எங்க மாமா திட்டறது? இன்னும் அத்தை முன்னால கால்மேல கால் போட்டே உட்கார்ந்ததில்ல."

மாமாவின் முகத்தில் சிரிப்பு வர முயன்று, பாதியில் நின்றது. அவர் விரல்கள் போர்வையைப் பிடித்தன, விட்டன. "எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு மாப்ளே" என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

அவன் சமையலறைக்கு ஓடவில்லை. ஓடினால் வீட்டுக்கே தெரிந்துவிடும். வேகமாக நடந்தான்.

அத்தை பிஸ்கட்டுகளைத் தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமா கூப்பிடறாரு."

"நாலு மணிக்கு எல்லாரையும் பாக்கத்தானே போறாரு."

"எல்லாரையும் இல்ல. உங்கள."

"வரேன்னு சொல்லுங்க. இன்னும் டீ வேற போடணும்."

"அத்தை." கற்றுக்குட்டிகள் லாரிக்கு எதிரே வண்டியை விட்டபோதுகூட அவனுக்கு இப்படி வேர்த்ததில்லை. "நாலு மணிக்கு மாமா இருக்க மாட்டாரு."

அத்தை அடுக்குவதை நிறுத்தவில்லை. வட்டம் முடிந்தது. நடுவில் வைக்க ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினான்.

"தினம் அவரத் துடைச்சு விடறது யாரு? துண்டுக்குள்ள எலும்புதான் வருது. நர்ஸு வந்து சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?"

"அப்புறம் எதுக்கு அத்தை இந்தக் கூட்டம்?"

"பின்ன, கடவுள்கிட்ட கேக்கச் சொல்றீங்களா?" அத்தையின் குரல் உயரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. "கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் நான் யாருகிட்ட போய் நிக்கறது? நான் கேக்காத வரைக்கும் அவர் முடியாதுன்னு சொல்லல. அவ்ளோதான் மாப்ளே என் நம்பிக்கை. இவ்ளோ நாளா அதை வச்சுத்தான் ஓட்டறேன்."

பிஸ்கட் அவர் கைக்குள்ளேயே நொறுங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"மாமா பெருசா ஒண்ணும் கேக்கல அத்தை. நீங்க வந்து பேசணுமாம். பயமா இருக்காம்."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமா."

"அவரா? பயம்னா சொன்னாரு?"

அவன் தலையாட்டினான். அத்தை சுவரைப் பார்த்தார்.

"உள்ள போனா கேட்டுடுவேன் மாப்ளே" என்றார். "அவர் மூஞ்சியப் பாத்து உட்கார்ந்தா, போகாதீங்கன்னு கேட்டுடுவேன்."

வாசலில் மணி அடித்தது. சீக்கிரமே வந்துவிடுகிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இந்தக் குடும்பத்தில் அவர் மனைவியின் சித்தப்பா. பிறந்தநாளோ சாவோ, நான்கு பேர் கூடினால் எழுந்து பேசிவிடுவார் என்பதால் அவருக்கு 'மைக்' என்று பெயர்.

"எங்கய்யா நம்ம ஹீரோ?" கூடத்திலிருந்து குரல் வீடு முழுக்க நிறைந்தது. "சாவையே ஜெயிச்ச மனுஷன் எங்க?"

அத்தை உள்ளங்கையைத் தட்டித் துகள்களைத் தொட்டியில் உதிர்த்தார். கையைக் கழுவினார். கூடத்துக்குப் போகிற வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். நின்றார்.

"மருந்து குடுத்தீங்களா?"

"இல்ல. மாமா வேணாம்னுட்டாரு. நாலு மணிக்கு உட்காரணுமாம்."

"எனக்காகவா?" என்றார் அத்தை. பதிலுக்கு நிற்காமல் திரும்பி உள்ளறைக்குப் போனார்.

அவன் பின்னால் போனான். கதவு பாதி திறந்திருந்தது. அத்தை மூடியில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார். மாமா மறுக்காமல் குடித்தார். வாடகைக்கு எடுத்த ஒற்றைக் கட்டில். பக்கத்துத் தடுப்புக் கம்பியை அத்தை இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார்.

இரண்டு பேர் பிடித்தாலொழிய புரள முடியாத மனிதர் தோளை அசைத்தார். பிறகு இடுப்பை. ஒரு கை அகலத்துக்கு இடம் வந்தது.

அவன் கதவைச் சாத்தினான். இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் மடித்துப் போட்டபடி மனைவி நின்றிருந்தாள்.

"நீ போகல?"

"காலையில அம்மா குளிக்கப் போனப்ப நான் பேசிட்டேன். இப்ப அவங்க இருக்கட்டும்."

கூடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மைக் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "அண்ணன் வர்றதுக்குள்ள நான் சின்னதா ஒரு முன்னுரை—"

"வேணாம் சின்ன மாமா."

"ரெண்டே நிமிஷம் மாப்ளே."

"உட்காருங்க சின்ன மாமா."

அவன் அந்த வீட்டில் இதுவரை அந்தக் குரலில் பேசியதில்லை. மைக் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேச்சை விட்டார்கள். நான்கு மணி வந்தது, தாண்டியது. யாரும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. அத்தை நன்றி சொல்லும் ராகம் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். இது அது இல்லை. ஏதோ பழைய கணக்கைக் கிளறி அத்தை சண்டை பிடிப்பதுபோல் இருந்தது. நடுவில் மாமாவின் குரல் ஒரு வார்த்தை சொன்னது. அதற்கு அத்தை வெடுக்கென்று பதில் சொன்னார். ஒருமுறை சிரிப்புக்கூடக் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. பிறகு ஒரே குரல். அது நிற்கவில்லை. ஓடையில் தண்ணீர் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அவன் நகம் கடித்தான். மனைவி சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

இயந்திரத்தின் உறுமல் நின்றது.

கரண்ட் போய்விட்டதோ என்று யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குரல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் அடங்கியது.

கதவைத் திறந்துகொண்டு அத்தை வெளியே வந்தார். ஒரு பக்கத்து முடி நசுங்கிக் காதோடு ஒட்டியிருந்தது. அத்தனை முகங்களையும் முதல்முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். நன்றி என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிலர் கைகூடக் குவித்தார்கள்.

"யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றார்.

கூடம் முழுக்க எழுந்தது. மைக்தான் முதலில் டம்ளரோடு வந்தார். வந்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. அத்தை சுவரில் சாய்ந்து நின்று, மெதுவாக, மடக்கு மடக்காகக் குடித்தார். அவருடைய இடது கன்னத்தில் தலையணை உறையின் தையல் நேர்கோடாகப் பதிந்திருந்தது. குடித்து முடித்த பிறகும் அது அப்படியே இருந்தது.